இரும்புப் பாலத்து மோகினி: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸில், ஸ்கேலுக்கும் பென்சிலுக்கும் நடுவே வாடிப்போன வேப்பிலைக் கொத்து ஒன்றைப் பார்த்தேன். எதற்கம்மா என்று கேட்டேன். "இரும்புப் பாலத்து மோகினி கிட்ட வராதுங்க சார். ஆத்துல எறங்குனா காலைப் புடிச்சு இழுத்துருமாம்" என்றாள். விசாரித்தால், பாதி வகுப்பு இதே பயத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் பவானி ஆற்றின் மேல் இருக்கும் அந்த ரயில் பாலத்தில் மோகினியின் கொலுசுச் சத்தம் கேட்கும் என்றும் சொல்கிறார்கள்.

கதை சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மனை வணங்கிவிட்டு வீமன் பகாசுரனைக் கொன்றான் என்று சொல்லும் மேட்டுப்பாளையத்துக்காரர்கள் நாம். நானும் அம்மாயி மடியில் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவன்தான்.

என் கவலை அந்த வேப்பிலை. அது கையில் இருக்கும் தைரியத்தில் பிள்ளை ஆற்றில் இறங்கிவிட்டால்? பவானியில் நமக்கு மேலே இருக்கும் பில்லூர் அணையின் உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டாலே உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மின்சாரம் எடுக்கவும் தண்ணீர் விடுவார்கள். இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும், ஆனாலும் பவானி ஏறிக்கொண்டிருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்துவிடும். காலை இழுப்பது அதுதான். பெரியவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் மோகினியைக் காவலுக்கு வைத்தார்கள். இனிமேல் மோகினியோடு பில்லூரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கொலுசுச் சத்தம். 30 மீட்டர் நீள இரும்பு 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுத் தகரக் கூரை டக் டக் என்று சத்தம் போடுவதில்லையா, அதே கணக்குத்தான்.

ஒரு கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தப் பழைய பாலத்துக்கும் சொல்வார்களே, தூண் நிற்கப் பிள்ளையைப் பலி கொடுத்தார்கள், பிள்ளை பிடிக்கிறவன் இன்னும் சுற்றுகிறான் என்று, அந்தக் கதை. 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, சாமி கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். நம் பிள்ளைகள் வெளியூர்க்காரரைக் கண்டால் ஓடுவதை நானே பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

இன்னொன்று. மோகினியைப் பார்க்கிறேன் என்று பெரிய பையன்கள் தண்டவாளத்தில் ஏறி செல்பி எடுக்கிறார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். பாலத்தில் ரயில் வந்தால் ஒதுங்க இடமும் கிடையாது.

வரும் சனிக்கிழமை காலை 6.45க்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். 7.10க்குக் கிளம்பும் ஊட்டி ரயில் பாலத்தைக் கடப்பதைக் கரைக்கு மேலே தள்ளி நின்று காட்டப்போகிறோம். 1899இல் குன்னூர் வரை திறந்த பாதை அது. எஞ்சின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போவதை நம் பிள்ளைகளில் பலர் கவனித்ததே இல்லை. கதை தெரிந்த அப்பாரு, அப்புச்சி, அம்மாயி யார் இருந்தாலும் கூட வரட்டும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்