பாப்பாவுக்கு, பழைய சிஸ்டத்துல இருந்து

பாப்பா,

நல்லாருக்கியா, வேளைக்கு சாப்புடுறியா. பொங்கலுக்கு வந்துட்டு போனவ, அஞ்சு மாசம் கழிச்சு ஒரே ஒரு மெசேஜ், "அப்பா அந்த பழைய சிஸ்டம் இருக்கா, அதுல என் டேப் எல்லாம் கெடைக்குமா"ன்னு. நடுவுல நான் போட்ட மெசேஜுக்கெல்லாம் கட்டவெரல் மட்டும். சரி விடு, இப்ப எதுக்கு தேடுறன்னு நான் கேக்கல.

சிஸ்டம் இருக்கு. ஜெராக்ஸ் மிஷினுக்கு பின்னாடி உங்கம்மா பழைய பொடவ போட்டு மூடி வெச்சிருந்தா. விண்டோஸ் 7 பத்து நிமிஷம் யோசிச்சுட்டு எந்திரிச்சுச்சு. பயர்பாக்ஸ் பிரவுசர் 56லயே நிக்குது. 2017 நவம்பர்ல 57 வந்தப்ப "அப்டேட் குடுக்காதப்பா, டேப்பெல்லாம் சேத்து வெக்குற என் செஷன் மேனேஜர் எக்ஸ்டென்ஷன் போயிடும்"னு நீதான சொன்ன, அன்னிக்கி ஆஃப் பண்ணது இன்னிக்கி வரைக்கும் தொடல. ஆனாலும் எக்ஸ்டென்ஷன் ஓடல. 2025 மார்ச் 14ல பயர்பாக்ஸ் பண்ற மொஸில்லாவோட சர்டிஃபிகேட் ஒன்னு காலாவதியாம், அப்டேட் ஆகாத பயர்பாக்ஸ்ல எக்ஸ்டென்ஷனெல்லாம் படுத்துருச்சு.

பக்கத்து கடை பையன் வந்து ஹெல்ப்புல போயி ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்த தொறந்தான். வலது பக்கம் 'ரிஃப்ரெஷ் பயர்பாக்ஸ்'னு ஒரு பட்டன், மவுஸ அதுமேல கொண்டு போயிட்டான், வெடுக்குனு கைய புடிச்சேன். அத அமுத்துனா எக்ஸ்டென்ஷன் மொத்தமும் தூக்கிரும். அதே பக்கத்துல கொஞ்சம் கீழ ப்ரொஃபைல் ஃபோல்டர், அதுக்கு நேரா 'ஓப்பன் ஃபோல்டர்'. பயர்பாக்ஸ மூடிட்டு மொத்தத்தையும் பென்டிரைவ்ல காப்பி எடுத்துட்டுதான் மேல கை வெச்சேன். உள்ள 'செஷன்ஸ்'னு ஒன்னு, நீ சேத்து வெச்சதெல்லாம் தனித்தனி ஃபைலா அப்படியே கெடக்கு. நோட்பேட்ல தொறந்தா ஒரே கொசகொசன்னு எழுத்து, நடுநடுவுல லிங்க். ராத்திரி ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொன்னா பிரிச்சு 214 எடுத்துருக்கேன். முப்பது வருஷமா அடுத்தவங்க மனு டைப் அடிக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா. நீயும் எதையும் ஒரே எடத்துல வெக்காத, ரெண்டு காப்பி வை, எத்தன தடவ சொல்றது.

படிக்க கூடாதுன்னுதான் நெனச்சேன். லிங்க் பக்கத்துலயே தலைப்பும் இருக்கே, கண்ண மூடிக்கிட்டு பிரிக்க முடியுமா. எல்லாம் ஜெர்மனி. ஜெர்மனிக்காரங்க குடுக்குற டிஏஏடி ஸ்காலர்ஷிப், விசா, அந்த விசாவுக்கு பேங்க்ல பணம் போட்டு காட்டுற ப்ளாக்டு அக்கவுண்ட். அதுக்கு 8,640 யூரோன்னு போட்ட பக்கத்த 2018ல மட்டும் ஏழு தடவ சேவ் பண்ணிருக்க. ஏழு தடவ பாத்தா கொறைஞ்சிருமா பாப்பா.

அன்னிக்கி அடுப்படியில நின்னு "காலேஜுக்கு ஃபீஸ் இல்லப்பா, ஏழு லட்சம் பேங்க்ல போட்டு காட்டணும், மாசாமாசம் எனக்கே திருப்பி தருவாங்க, அது செலவே இல்லப்பா"ன்னு சொன்ன. எனக்கு வெளங்கல. வெளங்காத மாதிரி இருந்துட்டேன். பணம் இல்லன்னு சொன்னேன்ல, இருந்துச்சு. அடுத்த வாரமே ராயக்கோட்டை ரோட்டு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தேன். உன் கல்யாணத்துக்குன்னு. உங்கம்மாவுக்கு அன்னிக்கே தெரியும், அவள ஒன்னும் சொல்லாத, வாய தொறக்க கூடாதுன்னு சொன்னது நான்தான். பிளாட்டு இன்னும் வேலிமுள்ளு மொளச்சுதான் கெடக்கு, போனா வண்டிய கூட நிறுத்தறதில்ல.

நீ சின்னத்தை மாதிரி மனசுலயே வெச்சு மருகுற ஆளு. ஓசூர்காரங்க ஃபோன் பண்ணாங்க, நான் ஒன்னும் பதில் சொல்லல. வேலைக்கு போறியா, விட்டுட்டியா, அதையும் கேக்கல.

மாங்கா சீசன், ஆனா தோத்தாபுரிக்கு வெலையே இல்ல. உனக்கு செந்தூரா ஒரு கூட எடுத்து வைக்கோல்ல வெச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் தாங்கும். லிங்கெல்லாம் மெயில்லயே அனுப்பிரலாம், தெரியும். அனுப்பல. பென்டிரைவ் கல்லாவுல இருக்கு, கிருஷ்ணகிரிக்கு பெங்களூருல இருந்து ரெண்டு மணி நேரம்.

அப்பா