அமெரிசியம் செய்யும் வம்பு

அணுபுரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது.

"அந்த அணுக்கழிவு லட்சம் வருஷம் நஞ்சாகவே கிடக்குமாமே, நீங்களெல்லாம் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் செய்ததைத்தான் செய்தோம். அயோடின் கரைசலில் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிப் பிரிபுனலைக் குலுக்கினால் அயோடின் ஊதா நிறமாகக் கீழே இறங்குமே. மூடியைப் பிடிக்காமல் குலுக்கி, கஞ்சி போட்ட சட்டையை நீலமாக்கிக்கொண்டாயே, மறந்திருக்க மாட்டாய்.

இங்கே அணு உலையில் எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைப்போம். டோடெகேன் என்ற மண்ணெண்ணெய் மாதிரித் திரவத்தில் 30 சதவீதம் டிபிபி (ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்) என்ற கரைப்பானைக் கலந்து அதோடு சேர்த்தால் யுரேனியமும் புளூட்டோனியமும் மேல் அடுக்குக்கு ஏறிவிடும். பியூரெக்ஸ் முறை இதுதான், 1950-களிலிருந்தே நடக்கிறது. புளூட்டோனியம் அளவுக்கு மீறி ஏறினால் மேல் அடுக்கே இரண்டாகப் பிளந்து 'மூன்றாம் அடுக்கு' உண்டாகும். புளூட்டோனியம் அதில் போய்க் குவிந்தால் அணுப்பிளவுத் தொடர்வினைக்கே வழி. புளூட்டோனியத்துக்குப் பதில் தோரியத்தை வைத்து அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த அன்று எனக்கு வியர்த்துவிட்டது.

சரி, வம்பு அதற்கு அப்புறம்தான். யுரேனியத்தைவிடக் கனமான கதிரியக்கத் தனிமங்களான அமெரிசியமும் கியூரியமும் அமிலத்திலேயே தங்கிவிடும். டிபிபி அவற்றைச் சீண்டாது. அளவு கொஞ்சம்தான், ஆனால் அமெரிசியம்-243-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 7,370 ஆண்டு. டோட்கா என்ற கரைப்பான் அவற்றை இழுக்கும், ஆனால் அதே கழிவில் இருக்கும் லாந்தனைடு என்ற தனிமங்களையும் கூடவே கூட்டிவரும். இரு தரப்புக்கும் மின்னூட்டம், அயனி அளவு எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்று. லாந்தனைடு பல மடங்கு அதிகம், நியூட்ரானை விழுங்கும். அமெரிசியத்தை எரித்துத் தீர்க்க அப்படியே உலையில் போட முடியாது. ஒரே ஒரு வித்தியாசம், நைட்ரஜன் மேல் அமெரிசியத்துக்குக் கொஞ்சூண்டு கூடுதல் பிடிப்பு. அந்தக் கொஞ்சூண்டை நம்பித்தான் நைட்ரஜனால் அமெரிசியத்தைப் பற்றும் பிடிபிபி வகை மூலக்கூறுகளையே கட்டினார்கள். வேதியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இல்லை.

அமெரிசியத்தையும் கியூரியத்தையும் பிரித்துவிட்டால், கழிவின் நச்சு யுரேனியத் தாது அளவுக்கு இறங்கச் சில நூறு ஆண்டு போதும் என்பது கணக்கு. ஆனால் பிரித்ததை வேகமான நியூட்ரான்களால் இயங்கும் வேக உலையில் எரித்தாக வேண்டும். கழிவில் இருக்கும் இன்னொரு கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99 தனித் தலைவலி, அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுக்கு மேல். அதனால் உன்னிடம் லட்சம் வருஷம் என்று சொன்னவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றாயே, படம் அனுப்பு. மாசியில் ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
முரளி