சொடக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

உனக்குச் சொடக்குப் போட வரவில்லையாம், விரலை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் 'உஸ்' என்றுதான் கேட்கிறதாம். உன் அம்மா போனில் சொன்னாள். மாப்பிள்ளை, நீ தேய்க்கிற இடத்தில் அந்தச் சத்தம் இல்லவே இல்லை.

கட்டைவிரலை விட்டு நழுவிய நடுவிரல், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேட்டில் போய் மோதுகிறது பார், 'டக்' பிறப்பது அங்கேதான். சந்தேகமிருந்தால் அப்பாவைப் பிடி. அந்த மேட்டின்மேல் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொடக்குப் போடச் சொல். விரல் வேகமாகத்தான் வரும், ஆனால் 'மொத்'தென்று அமுங்கிய சத்தம்தான் கேட்கும்.

அப்புறம் அவருடைய மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் கவனி. இரண்டும் உள்ளங்கையில் மடங்கிக் கிடக்கும். மோதிரவிரலுக்கும் சதைமேட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும். நடுவிரல் அதில் வந்து விழும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று நசுங்குகிறது. சொடக்கு அவ்வளவு உரக்கக் கேட்பது அதனால்தான். அந்த இரண்டு விரல்களையும் நீட்டிக்கொண்டு போட்டால் சத்தம் மெலிந்துபோகும். நீயும் நீட்டிக்கொண்டுதான் போடுகிறாய் என்று நினைக்கிறேன்.

சரி, தேய்ப்பது எதற்கு? வேகத்துக்கு. முன்கைத் தசை நடுவிரலை உள்ளே இழுக்க, கட்டைவிரல் அதை விடாமல் தடுக்க, அந்த இழுபறியில் தசைநாண்களில் விசை சேர்ந்துகொண்டே போகிறது. அதுவரை பிடித்து வைத்திருக்கும் தாழ்ப்பாள் நம் தோலின் உராய்வுதான். தாழ்ப்பாள் விலகியதும் விரல் பாய்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமரா வைத்து அளந்து 2021இல் வெளியிட்டார்கள். மொத்தமே சுமார் 7 மில்லிநொடி! கண் ஒருமுறை இமைக்கவே 150 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்தக் குழுவை வழிநடத்திய சாத் பாம்லா நம் சென்னை ஐஐடியில் படித்தவர்.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அவெஞ்சர்ஸ் படத்து வில்லன் தானோஸ் உலோகக் கையுறை மாட்டிக்கொண்டு சொடக்குப் போடுவானே, அது நிஜத்தில் நடக்குமா என்ற பேச்சிலிருந்து கிளம்பிய ஆய்வு இது. விரலில் உலோக உறை மாட்டிப் பார்த்தார்கள், வழவழப்பாக்கிப் பார்த்தார்கள், வேகம் குறைந்துவிட்டது. விசை சேரும் முன்பே விரல் வழுக்கிவிடுகிறது. உலோகம் தோலைப் போல அமுங்கிப் பிடிப்பதும் இல்லை. ரப்பர் உறை போட்டாலும் சரிவரவில்லை, ஏனென்றால் உராய்வு அளவுக்கு மீறினால் சேர்ந்த விசை தேய்ப்பதிலேயே வீணாகிவிடும். நம் வெறும் தோல்தான் இந்த வேலைக்குச் சரியான பக்குவத்தில் இருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

எண்ணெய்க் கையோடும் ஈரக் கையோடும் முயற்சி செய்யாதே. மோதிரவிரலை இறுக மடக்கு. நடுவிரல் நுனியைக் கட்டைவிரலில் அழுத்து, கட்டைவிரலைப் பக்கவாட்டில் தள்ளி நழுவ விடு. விரல் பள்ளத்தில் விழுகிறதா என்று மட்டும் பார். விழ ஆரம்பித்துவிட்டால் சத்தம் பின்னாலேயே வரும். கை சிவந்தால் அன்றைக்கு விட்டுவிடு. சொடக்கு வந்ததும் அம்மா போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு.

அன்புடன்,
மாமா