எல்லாம் கல்யாணத்தில்தான் முடியணுமா?

ஆசிரியருக்கு,

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் மறுத்ததிலிருந்து, பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) என்றாலே எல்லோரும் கல்யாணப் பேச்சில்தான் போய் நிற்கிறோம், அவர்களைப் பற்றிய உங்கள் சினிமாப் பக்கக் கட்டுரையும் அப்படித்தான். பால்புதுமையினர் வாழ்வைச் சொந்தக் காசில் குறும்படமாக எடுக்கும் சிலரோ, கல்யாணம் செய்துகாட்டி 'நாங்களும் உங்களைப் போலத்தான்' என்று எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயம்தானே? நாளைக்கே அங்கீகாரம் கிடைத்தாலும், சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியப் போனால் பெயர், முகவரியெல்லாம் 30 நாள் பதிவாளர் அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கும். வீட்டை விட்டு ஓடிவந்த இரு பெண்களுக்கு இதுவா பாதுகாப்பு? திருநங்கையர் ஜமாத்தில், அதாவது அவர்களின் சமூகக் குழுவில், மூத்தவர் தாயாகவும் இளையவர் மகளாகவும் ஆவதற்குத் தாலி தேவைப்படவில்லையே! குடும்பம் அமையக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரி, வாரிசுரிமைக்கும் மருத்துவமனைக் கையெழுத்துக்கும் என்ன வழி? அங்கேதான் இந்தக் குறும்படங்கள் கொஞ்சம் நழுவுகின்றன. இருந்தாலும் உங்கள் சினிமாப் பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்.

– வாசகர், சென்னை