கள்ளி சாயும் திசை

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகருக்கு வெளியே பாலைவனத்தில் நடந்துகொண்டிருந்தபோது கைபேசியில் சார்ஜ் தீர்ந்து, ஒரு மணி நேரம் வழி தெரியாமல் நின்றதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து உன் அம்மாவுக்கு உறக்கமில்லை. எனக்கு உறக்கம் வருகிறது; ஆனாலும் முப்பது ஆண்டுகள் காட்டில் வேலை பார்த்தவன், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், மரத்தின் நிழலான வடக்குப் பக்கத்தில்தான் பாசி படரும் என்று மூத்தவர் ஒருவர் சொன்னதை நம்பியிருந்தேன். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஒருநாள் மூடுபனியில் வழி தவறியபோது அந்தப் பாசியை நம்பியே சோலைக்காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்து, புறப்பட்ட ஓடைக்கே வந்து சேர்ந்தேன். சோலையில் ஈரம் எல்லாப் பக்கமும் இருப்பதால் பாசியும் அடிமரத்தைச் சுற்றியே படர்ந்திருக்கும். போதாததற்கு, நம் மலையில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு என்றால் நிழல் என்ற கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்? உடன் வந்த வனக்காவலர் என்னைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று, தனித்து நின்ற காட்டுப்பூவரசுகளைக் காட்டினார். தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் அடித்து அடித்து, அவற்றின் கிளைகளை எல்லாம் கிழக்கே ஒதுக்கியிருந்தது. அவை சாய்ந்த பக்கமாகவே நடந்து, இருட்டுவதற்குள் சாலையை அடைந்தோம்.

நீ இருப்பது ஏறத்தாழ 32 பாகை வடக்கு அட்சரேகையில். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் இருக்கும். ஆகவே அங்குள்ள செடிகளின் பேச்சு நம்மூர்ச் செடிகளைவிடத் தெளிவானது. பீப்பாய்க் கள்ளியைக் கவனித்திருப்பாய். வெயில் கடுமையாகத் தாக்கும் பக்கம் மந்தமாகவும் நிழல் பக்கம் விரைவாகவும் வளர்வதால் அது தெற்கு அல்லது தென்மேற்கு நோக்கிச் சாய்கிறது என்பார்கள். வயதான கள்ளிகள் அந்தப் பக்கமாகவே வேரோடு சாய்ந்து விழுவதும் உண்டு. ஆனால் பாறை இடுக்கிலும் மரநிழலிலும் சரிவிலும் முளைத்தவை வேறு பக்கம் சாயக்கூடும் என்பதால், ஒரே ஒரு கள்ளியை நம்பிக் காலை எடுத்து வைக்காதே. சமதரையில் வெட்டவெளியில் நிற்கும் பத்தையாவது பார்.

டூசானை அடுத்த சாண்டா கேட்டலினா மலையிலும் இதே வெயில் கணக்குதான்: சகுவாரோ என்னும் நெடிய கள்ளி உறைபனி தாங்காது என்பதால், வெயில் படும் தெற்குச் சரிவுகளில் அதிக உயரம் வரை ஏறி நிற்கும், வடக்குச் சரிவில் அதற்குக் கீழேயே நின்றுவிடும். தொலைவில் நீரோரம் வளரும் காட்டன்வுட் மரங்கள் பச்சை வரிசையாகத் தெரிந்தால் அங்கே நிலத்தடியிலாவது நீர் இருக்கிறது, ஓடைத்தடம் செல்கிறது என்று பொருள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மட்டும் அந்தத் தடத்துக்குள் இறங்கி நடக்காதே. மேலே எங்கோ பெய்த மழை, நீ நிற்குமிடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும்.

வரும் சனிக்கிழமை, பழகிய பாதையிலேயே கைபேசித் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஐம்பது கள்ளிகளை அளந்து பார். எத்தனை தெற்கே சாய்ந்திருந்தன, எத்தனை ஏமாற்றின என்று எனக்கு எழுது. தண்ணீர் நான்கு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா