‘வறுத்தது’ என்று அச்சிட்ட டின்னில் வறுத்த மணம் இல்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: வறுத்த பர்லி பைப் புகையிலையின் தன்மை மாறியிருப்பது குறித்துப் புகார்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பர்லி என்ற புகையிலை வகையை வறுத்துச் செய்யும் உங்கள் கலவையை நெடுங்காலமாக வாங்கி வருகிறேன். அண்மையில் வாங்கிய டின்னில் பெயர், படம், ‘வறுத்தது’ என்ற சொல் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. உள்ளே இருப்பது வேறு சரக்கு.

மூடியைத் திறந்ததுமே வெனிலா நெடி அடித்தது. இலையை விரல்களால் அழுத்தினால் பிரியாமல் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. சுங்கானில் (பைப்பில்) இட்டால் அடிக்கடி அணைகிறது. திரும்பப் பற்றவைத்து இழுத்தால் சூடான நீராவி நாக்கைப் பொசுக்குகிறது. சுங்கானின் கிண்ணத்தில் இட்டது பாதி தீர்வதற்குள் வெனிலாவும் போய், வெறும் காட்டம்தான் மிஞ்சுகிறது.

புகையிலை உடலுக்குக் கேடு என்பது எனக்குத் தெரியும். என் புகார் அதைப் பற்றியது அல்ல. வாக்குக் கொடுத்த பொருளைத் தராதது பற்றியது.

வறுத்த பர்லியை நான் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு. காற்றில் உலர்த்தும்போது பர்லி தன் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிடுகிறது. வர்ஜீனியா வகைப் புகையிலைக்கு உள்ள இயல்பான இனிப்பு அதற்கு இல்லை. ஆனால் நுண்துளைகள் மிகுந்த இலை. ஊட்டுகிற சாற்றை ஆழமாக உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை, கோகோ, அதிமதுரம் போன்றவை சேர்ந்த சாற்றை ஊட்டி, அதன்பின் நல்ல சூட்டில் வறுத்தால் அம்மோனியாவின் உறைப்பு பெருமளவு ஆவியாகிவிடும். இலையின் நைட்ரஜன் சேர்மங்களும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து, வறுத்த கொட்டையின் மணத்தைத் தரும். ரொட்டியின் மேலோடு சிவந்து மணப்பதும் இதே வினையால்தான். இலைக்குள்ளேயே பிறந்த மணம் என்பதால் கடைசி இழுப்பு வரை நிற்கும். அந்த உலர்ந்த, அடக்கமான சுவைக்கு ஈடாக வேறு எந்தக் கலவையையும் நான் கருதியதில்லை.

மேலே தெளிக்கும் வாசனையால் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் புரொப்பிலீன் கிளைக்காலை அதிகம் சேர்த்தால் இலை காயவும் காயாது. இந்தச் சரக்கில் அதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

வறுக்கும் கட்டத்தைக் குறைத்துவிட்டீர்களா, அல்லது இந்த ஒரு தொகுதியில் மட்டும் நேர்ந்த பிழையா என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள். பிழை என்றால் பழைய முறையில் செய்த டின்னை மாற்றித் தாருங்கள். செய்முறையையே மாற்றியிருந்தால் என் பணத்தைத் திருப்பித் தருவதோடு, டின்னிலிருந்து ‘வறுத்தது’ என்ற சொல்லையும் நீக்குங்கள். தொகுதி எண் தெரியும் புகைப்படமும் ரசீது நகலும் இணைத்துள்ளேன். மீதிப் புகையிலையை உங்கள் பரிசோதனைக்காக அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்