திரும்பி வந்த பார்சலில் இருந்தவை

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா?

இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டு முகவரிக்கு அனுப்பிய புத்தகப் பார்சல் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. மேலே ‘இடம் மாறிவிட்டார்’ என்று எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. புதிய தபால்காரராக இருக்கும், கட்டடத்தை மாற்றிப் பார்த்திருப்பார். பெங்களூரில் ஒரே பெயரில் எத்தனையோ கட்டடங்கள் இருக்கின்றன. அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பாய். அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. அதுவும் இருக்கட்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் செல்போனில் வாசிக்காதே. கண்ணாடியை மாற்றினாயா?

பார்சலில் என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன். வாசித்ததைச் சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை. நூலகத்துக்கு வருகிற நம் பழைய கூட்டம் இப்போது ரத்த அழுத்தத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

முதலில் மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’, குளச்சல் யூசுஃப் மொழிபெயர்ப்பு. நீ வாசித்திருக்கலாம். வாசித்திருந்தாலும் இன்னொருமுறை வாசி. மனநலச் சிகிச்சையில் இருந்த காலத்தில், 1954இல், பஷீர் எழுதியது. எங்கெங்கோ அலைந்துவிட்டுத் தலையோலப்பறம்பில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்கிறார். வீடு கொள்ளாத கூட்டம். உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள், கோழிகள், இவற்றோடு தினமும் வந்து போகிற, தங்கை பாத்துமாவின் ஆடு. அந்த ஆடு கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது. ஒருநாள் அவருடைய ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் தின்றுவிட்டுப் போர்வையில் வாய் வைக்கிறது. புத்தகத்தைத் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் போர்வைக்குத்தான் பதறுகிறார். புத்தகத்துக்கு வேறு பிரதி உண்டு, போர்வைக்குக் கிடையாது! நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஆடு மட்டுமல்ல. அந்த வீட்டில் எல்லாரும் அவரிடம் பணம் கேட்கிறார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கேட்கிறார்கள், உம்மாவும் கேட்கிறாள். ஆனால் ‘ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய்’ என்று யாரும் அவரை நிறுத்திவைத்து விசாரிப்பதில்லை. வந்தவனுக்கு ஒரு சாய்வு நாற்காலி, குடிக்கத் தேநீர். அவ்வளவுதான். எழுதியவர் அதைப் பெரிதாகச் சொல்லவும் இல்லை. அதனால்தான் அது நல்ல புத்தகம்.

அடுத்து சுஜாதாவின் ‘நைலான் கயிறு’. பழைய பிரதி, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. 1968இல் குமுதத்தில் வந்தபோது எங்கள் தெருவில் இதழ் கைமாறிக் கைமாறி என்னிடம் வருவதற்குள் கிழிந்துவிடும். வக்கீல் கணேஷ் இருக்கிறான், அவன் உதவியாளன் வசந்த் இல்லை. வசந்த் இல்லாத கணேஷ் உப்பில்லாத பண்டம் என்று நீ சண்டைக்கு வருவாய் என்று தெரிந்தேதான் வைத்தேன்.

மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ உனக்காகத் தேடிப்பிடித்தது. தியடோர் பாஸ்கரன் தொகுத்த கட்டுரைகள். கிருஷ்ணன் நாவலாசிரியர் மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் 1950 முதல் 1996இல் சாகும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதிவந்தவர். புலி, யானை என்று மிரட்டமாட்டார். நம் கொல்லைப்புறத்துக்கு வருகிற மைனாவையும் காக்கையையும் பற்றி எழுதினாலே பத்துப் பக்கம் நிற்காமல் வாசிக்கலாம். அதைப் படித்த பிறகு காலையில் மாடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். செய்தித்தாளை விட்டுவிட்டேன் என்றே சொல்லலாம். உன் அறைச் சன்னல் பக்கம்தான் குயில் அதிகம் வருகிறது.

சின்ன அத்தை போனில் ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. சங்கரன்கோவில் விஷயத்திலும் அவள் சொன்னது என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். “அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் மாமா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. முகவரியைத்தான் கேட்கிறேன்.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ பார்சலில் இல்லை, அது நம் வீட்டுப் பிரதி, வீட்டைவிட்டு வெளியே போகாது. இந்த மழைக்காலத்தில் மறுபடி எடுத்தேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நீ அதை முழுவதும் வாசித்து முடித்தாய். இன்றும் நூலகத்தில் யாராவது தன் பேரன் கெட்டிக்காரன் என்று பீற்றிக்கொண்டால் நான் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அப்போது நீ பென்சிலால் ஓரத்தில் எழுதிய கேள்விகள் அப்படியே இருக்கின்றன. குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணெய் வாங்கக் காசில்லாமல் இருந்த இடத்தில் ‘இவ்வளவு பெரிய வித்துவானுக்கா?’ என்று எழுதியிருக்கிறாய்.

முன்பெல்லாம் குருவுக்கும் சீடனுக்கும் உள்ள கதையாகத்தான் அதை வாசித்தேன். இந்த முறை என் கண் உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் மீதே நின்றது. அவர் சங்கீதக்காரர். மகனுக்கோ தமிழ்ப் பித்து. பாடம் சொல்ல ஆள் எங்கே என்று கேட்டுக் கேட்டு அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று மகனோடு ஊர் ஊராகப் போகிறார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவானிடம் கொண்டு சேர்க்கிறார். உ.வே.சா. எண்பதைத் தாண்டிய வயதில், 1940இல், இதை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் இறந்துபோனதால் பாதியில் நின்ற புத்தகம். அந்த வயதிலும் அப்பா தன்னை எந்த ஊரில் யார் வீட்டில் தங்கவைத்தார் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். நீ இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. கட்டடத்தைத் தபால்காரர் மாற்றிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும் கோமதி. மூன்று வருடமாக அதே முகவரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ உன்னிடம் இருக்கும். இல்லாவிட்டால் வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். அதில் ‘தாலியும் மஞ்சளும்’ என்று ஒரு கட்டுரை வருகிறது. சங்கப் பாட்டில் காணும் கலியாணத்தில் தாலி இல்லை, பத்தாம் நூற்றாண்டுவரை தமிழ்நாட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்கிறார். கல்வெட்டு, இலக்கியம், ஊர்க்கிழவிகள் சொன்னது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர். அவரை மறுக்க நினைக்கிறவர்கள்கூட அவர் அளவுக்கு நடந்து திரிந்துவிட்டு வந்துதான் மறுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, “ஆயிரம் வருடம் முன்னால் அது இல்லாமலும் சனங்கள் வாழ்ந்திருக்கிறார்களே” என்றாள். உன் அம்மா சொன்ன வார்த்தை இது. நான் சேர்த்து எழுதவில்லை.

இன்னொரு புத்தகத்தையும் பார்சலில் வைத்தேன், கட்டுவதற்கு முன் எடுத்துவிட்டேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020க்கான சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். பொறியியல் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்து ஆட்டோ ஓட்டுநரைப் பிடிவாதமாகக் கலியாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. எவ்வளவு பணம் ஆனாலும் கொடுக்கப் பெற்றவர்கள் தயார், அங்கே அந்தப் பணம் செல்லவில்லை. இமையம் யார்மீதும் தீர்ப்புச் சொல்வதில்லை. வாசலில் காத்திருப்பவர்களைப் பேசவைக்கிறார். பேசிப் பேசி, முன்பே பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அந்த வாசலில் பேசுகிறார்கள்.

நடுவில் மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போனேன். இரவு மணி இரண்டு. உனக்குப் போன் போடலாம் என்று எண்ணை எடுத்தேன். அந்த நேரத்தில் போன் வந்தால் எங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நீ பயப்படுவாய் என்று வைத்துவிட்டேன். நீ ரேவதி இல்லை, மாப்பிள்ளை அப்படிப்பட்டவரும் இல்லை, எனக்குத் தெரியும். வேலையில் உன் கீழே பன்னிரண்டு பேர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் ஒரு புத்தகம் அப்படிச் செய்துவிட்டது. அவ்வளவு நல்ல புத்தகத்தை உனக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்டால் தருகிறேன், இங்கே வந்து வாசி.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மின்விசிறியையும் மாற்றிவிட்டேன். நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வா, எந்த நேரமானாலும் ஜங்ஷனுக்கு வருவேன். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீ மட்டும் வா. அவரிடம் பேச வேண்டியது எனக்கு ஒன்றும் இல்லை, உனக்கு இருந்தால் சொல். லீவு எத்தனை நாள் என்றெல்லாம் அம்மா கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். சின்ன அத்தை வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் இரண்டு வரி போதும். முகவரியைப் பின்கோடோடு எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நாரத்தங்காய் ஊறுகாய் போட்டிருப்பதாக அம்மா எழுதச் சொன்னாள். கண்ணாடியை மாற்று. பணம் வேண்டுமென்றால் தயங்காமல் கேள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் அலுவலக நேரத்தில் என் எண்ணுக்குப் போன் செய். வசந்த் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி.